பிரிட்ஜில் துளையிடும் முன்: வீட்டில் சோடாக் குழாய் அமைப்போர் செய்யும் தவறுகள்

பெங்களூரு மதுக்கூடங்களில் குழாயைத் திருகிப் பீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டு ஓசூர் திரும்பும் நம் இளைஞர்கள் பலர், அதே அமைப்பை வீட்டிலும் வைக்க ஆசைப்படுகிறார்கள். பிரிட்ஜுக்குள் ஒரு கெக் (பானத்தை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகக் கலம்), ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், வெளியே ஒரு குழாய். கெகரேட்டர் என்பது இவ்வளவுதான். உரிமமின்றிப் பீர் காய்ச்சுவதற்குத் தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நான் அமைத்துக் கொடுப்பவை அனைத்தும் சோடாவுக்கும் இஞ்சிப் பானத்துக்கும் உரியவை. கெக்கைக் கழுவ வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பக்கச் சுவரில் துளையிடுவது

சிலிண்டரை வெளியே நிறுத்தி, வாயுக் குழலை உள்ளே செலுத்துவதற்காக டிரில்லை எடுத்துப் பக்கச் சுவரில் அழுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பழைய பிரிட்ஜுகளின் முதுகில் கருப்புக் கம்பி வலை போல வெளியே தெரிந்த வெப்பக் குழாய், இப்போதைய பல மாடல்களில் பக்கத் தகடுகளுக்கு உள்ளே மறைந்து ஓடுகிறது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக இருப்பது அதனால்தான். அதில் துளை விழுந்தால் குளிர்பதன வாயு சீறிக்கொண்டு வெளியேறிவிடும். குழாய் சுவருக்குள் இறுகியிருக்கும் வெப்பக்காப்பு நுரையில் புதைந்திருப்பதால் அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு பிரிட்ஜே வாங்கிவிடலாம். புதிய பிரிட்ஜுகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன்; சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த அது, டிரில்லின் பொறி பட்டால் தீப்பற்றக்கூடியது.

காவேரிப்பட்டணத்தில் ஒருவர் துளையிட்ட பிறகு என்னை அழைத்தார். துளையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது; கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது; உள்ளே துளியும் குளிர் இல்லை. "கேஸ் ஏத்தினா சரியாயிடுமாண்ணா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். இரண்டாவது பிரிட்ஜை வாங்கிவிட்டு மறுபடி கூப்பிட்டபோது, நான் போய்ச் சேர்வதற்குள் அதே பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார்!

சிலிண்டரையும் உள்ளேயே வைத்துவிட்டால் சுவரில் துளையே தேவையில்லை. பானம் வரும் குழாய்க்குக் கதவில் துளையிடலாம். சாதாரண ஒற்றைக் கதவு பிரிட்ஜின் கதவுக்குள் குளிர்பதன வாயுக் குழாய் ஓடுவதில்லை. மேல்மூடி வைத்த பெட்டி பிரீசர் என்றால், மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் மரச் சட்டம் ஒன்றைச் செய்து வைத்து, அந்த மரத்தில் துளையிடுவதே முறை.

குழலைக் குட்டையாக வெட்டுவது

கெக்கிலிருந்து வெளிக் குழாய்க்குப் பானம் வரும் குழலின் உராய்வுதான் அழுத்தத்தைத் தணித்துப் பானத்தை நுரைக்காமல் இறக்குகிறது. 4 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிற்கும் பீருக்கு, 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழல் 10 அடி அளவுக்கு வேண்டும். சோடாவுக்கு 30 பி.எஸ்.ஐ. வரை தேவைப்படுவதால் 20 அடிக்கு மேல் சுருட்டி உள்ளே வைக்க வேண்டியிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று 3 அடியில் வெட்டிவிட்டு, டம்ளரில் பாதி நுரையாக வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைப்பவர்களுக்குச் சில நாளில் சப்பென்ற தண்ணீர்தான் கிடைக்கும்.

முள்ளைப் பார்த்துச் சிலிண்டரை மதிப்பிடுவது

சிலிண்டருக்குள் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தமானியின் முள் நிறையைக் காட்டாது, வெப்பநிலைக்கேற்ற அழுத்தத்தையே காட்டும். அது மளமளவென்று இறங்கும் நேரத்தில் திரவம் தீர்ந்திருக்கும். தராசில் நிறுத்தி, சிலிண்டரில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்துப் பார்ப்பதே சரி. இணைப்புகள் அனைத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; ஓர் இரவுக் கசிவில் சிலிண்டரே காலியாகலாம், காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

சிலிண்டரைப் படுக்க வைப்பது

கூடாது. திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்.

வெல்டிங் கடைச் சிலிண்டர்

விலை குறைவுதான், குடிக்கும் பானத்துக்கு உணவுத் தர வாயுவை மட்டுமே கேட்டு வாங்குங்கள்.

மாங்கூழைக் கெக்கில் ஊற்றுவது

நம் மாவட்டத்துக்கே உரிய தவறு இது. பெங்களூரா மாங்கூழ், கெக்கின் அடிவரை இறங்கும் உறிஞ்சுகுழாயையும் வால்வையும் அடைத்துவிடும். கெக்கில் வெறும் சோடாவை வைத்துக்கொண்டு, கூழையோ நன்னாரியையோ டம்ளரில் கலந்துகொள்ளுங்கள்.