மினி சுமோ ரோபோவுக்கு சக்கரம் பண்றப்போ எங்கெல்லாம் தப்பு நடக்குது

காலேஜ் ஃபெஸ்ட்ல மினி சுமோ மேட்ச், அதாவது ரெண்டு குட்டி ரோபோ ஒண்ண ஒண்ணு ரிங்க விட்டு தள்ளுற போட்டி, பார்த்திருந்தா இந்த காட்சி கண்டிப்பா கண்ணுல பட்டிருக்கும். ரெண்டு ரோபோவும் மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணோட சக்கரம் விர்ருனு சுத்துது, ஆனா அந்த ரோபோ தான் பின்னாடி தள்ளிக்கிட்டே போய் ரிங்க விட்டு விழுது. வெளிய வந்ததும் பசங்க சொல்ற முதல் வார்த்தை "மோட்டார் பத்தல ப்ரோ". இல்லப்பா, சக்கரம் அப்படி சுத்துச்சுனாலே மோட்டார்ல சக்தி இருக்குனு தான் அர்த்தம், தரையில பிடிப்பு தான் இல்ல.

ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. மினி சுமோல ரோபோ 500 கிராமுக்கு மேல போகக்கூடாது, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள அடங்கணும். டயருக்கும் ரிங்குக்கும் உராய்வு எண் 1னு வச்சா, மொத்த எடையும் சக்கரத்து மேலயே இருந்தா கூட, நீங்க தள்ளக்கூடிய உச்சகட்ட விசை 500 கிராம் எடை அளவு தான். சக்கரம் 30 மில்லிமீட்டர் விட்டம்னா ஆரம் ஒன்றரை சென்டிமீட்டர், அப்போ ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 0.75 கிலோ-சென்டிமீட்டர் டார்க் (சுத்துற விசை) போதும், ஒரு மோட்டாருக்கு அதுல பாதி. அதுக்கு மேல எவ்வளவு டார்க் இருந்தாலும் அது டயர சும்மா சுத்த வைக்கத்தான் ஆகும். அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு போய் இன்னும் பெரிய மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி டயர பாருங்க. காசும் மிச்சம், எடையும் மிச்சம்.

முதல் தப்பு கம்ப்யூட்டர்ல கேட் (CAD) டிசைன் சாஃப்ட்வேர்ல உக்காந்தவுடனே நடக்குது, ட்ராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையா, வி வடிவத்துல கோடு கோடா அழகா டிசைன் பண்ணி, டிபியுனு சொல்ற வளையுற பிளாஸ்டிக் ஃபிலமென்ட்ல 3டி பிரிண்ட் போட்டுட்டு வந்துருவாங்க. பார்க்க சூப்பரா இருக்கும், ரிங்ல வச்சா வழுக்கும். ஏன்னா பள்ளம் வெட்டுறது எல்லாம் தண்ணி வெளிய போறதுக்கும், சேறு, புல்லு, கார்பெட் மாதிரி உள்ள பதியிற தரைக்கும் தான். எஃப்ஆர்சினு ஸ்கூல் பசங்களுக்கு நடக்குற பெரிய ரோபோ போட்டியில ஐம்பது கிலோவுக்கு மேல இருக்குற ரோபோ கார்பெட் மேல ஓடும், அங்க ரஃப்டாப்னு சொல்ற முண்டு முண்டான ட்ரெட் அந்த நார்ல கொக்கி மாதிரி மாட்டும், அதுக்கு அது சரி. நம்ம சுமோ ரிங் வழவழப்பான பலகை, அதுல கொக்கி மாட்ட எதுவுமே இல்ல, டயரும் தரையும் எவ்வளவு நெருக்கமா ஒட்டுதோ அவ்வளவு தான் பிடிப்பு. பள்ளம் வெட்டுனா ஒட்டுற இடம் தான் குறையும். இதுல டிபியு வேற, கடையில சாதாரணமா கிடைக்கிறது ஷோர் ஏங்குற கெட்டித்தன்மை அளவுல (எண் ஏற ஏற கெட்டி) 95, அது ஷூ அடியில ஒட்டுற குதிகால் மாதிரி கெட்டி, தரையோட நுண்ணிய மேடு பள்ளத்துக்குள்ள அது இறங்காது. மழமழனு, பள்ளம் எதுவும் இல்லாத, மெத்துனு இருக்குற டயர் தான் இங்க ஜெயிக்கும்.

அப்புறம் சைக்கிள் ட்யூப். இத தப்புனு சொல்ல மாட்டேன், முதல் ரோபோவுக்கு ரொம்ப நல்ல வழி, பஞ்சர் கடையில பழைய ட்யூப் வாங்கி ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையம் வளையமா வெட்டி ஹப் (டயருக்கு உள்ள இருக்குற சக்கரத்தோட நடுப்பகுதி) மேல இழுத்து மாட்டிரலாம். தப்பு எங்கனா அத கழுவாம மாட்டுறது. ட்யூப் மேல வெள்ளையா ஒரு பவுடர் இருக்கும் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாதுனே போட்ட பவுடர் அது, அதோட மாட்டுனா எப்படி ஒட்டும்? சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவுங்க, காய வச்சு விரலால அழுத்தி இழுத்து பாருங்க, விரல் தடுக்கி தடுக்கி வரணும்.

இனி சிலிக்கான் ரப்பர அச்சுல ஊத்தி டயர் வார்க்குறதுக்கு வருவோம், கொஞ்சம் முன்னேறுன டீம் எல்லாம் இதுக்கு தான் வர்றாங்க, தப்பு அதிகமா நடக்குறதும் இங்க தான். சிலிக்கான்ல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, மெழுகுவத்தி, சிலை அச்சு எடுக்க கிராஃப்ட் கடையில விக்குற வகை, ஒரு பெரிய டப்பா, கூட ஒரு குட்டி பாட்டில்ல அத கெட்டியாக்குற கேட்டலிஸ்ட், அது டின் வகை. விலை கம்மி, ஆனா நாளாக நாளாக சுருங்கும். ஜனவரில ஊத்துன டயர் மார்ச்ல ஃபெஸ்ட் வர்றப்போ அதே அளவுல இருக்கும்னு நம்பிறாதீங்க. இன்னொண்ணு பிளாட்டினம் வகை, பெரும்பாலும் ஏ, பினு ரெண்டு பாட்டில் சரிக்கு சரி கலக்கணும், சுருக்கம் ரொம்ப கம்மி. டயருக்கு இது தான் நல்லது, ஷோர் ஏ 20லேர்ந்து 30க்குள்ள எடுங்க. அதுக்கும் கீழ ஜெல் மாதிரி வகையெல்லாம் இருக்கு, கையில எடுத்து அழுத்துனா ஆசையா தான் இருக்கும், ஆனா ரெண்டு மேட்ச்ல ஓரம் கிழிஞ்சு தொங்கும்.

பிளாட்டினம் வகைக்கு ஒரு பெரிய எதிரி கந்தகம். நாம கையுறை போடுறோமே, அந்த மெடிக்கல் ஷாப் லேடெக்ஸ் கையுறைல கந்தகம் இருக்கும், அத போட்டுக்கிட்டு மோல்ட (வார்ப்பு அச்ச) தடவுனாலோ கலக்குனாலோ பட்ட இடத்துல சிலிக்கான் காயவே காயாது. மறுநாள் மோல்ட திறந்தா உள்ள டயர் இருக்கும், மேல மட்டும் பாகு மாதிரி விரல்ல ஒட்டும், ரெண்டு நாள் வச்சாலும் அப்படியே தான் இருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்க. ரெசின் பிரிண்டர்ல அச்சடிச்ச மோல்ட்லயும் இதே பிரச்சினை வரும், மோல்ட் பளபளனு அழகா இருக்கேனு அதுல ஊத்திருவாங்க, தொடுற பக்கம் எல்லாம் காயாம போயிரும். டின் சிலிக்கான் கலக்குன அதே கப், அதே குச்சியும் வேண்டாம். சாதா ஃபிலமென்ட் பிரிண்டர்ல பிஎல்ஏங்குற பிளாஸ்டிக்ல போட்ட மோல்ட் இதுக்கு பிரச்சினை இல்ல, ஆனா அதோட லேயர் கோடு அப்படியே டயர்ல பதியும், ரேகை மாதிரி. நான் மேல சொன்ன அதே கதை தான், கோடு கோடா இருந்தா தரையில முழுசா உக்காராது. அதனால மோல்டோட வெளி வளையத்துக்கு மட்டும் வழவழப்பான அக்ரிலிக் குழாய் துண்டு போடுங்க, டயர் கண்ணாடி மாதிரி வெளிய வரும், தொட்டு பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

அளவு விஷயத்துல சமையலறை தராச நம்பாதீங்க. 30 மில்லிமீட்டர் வெளி விட்டம், 24 உள் விட்டம், 15 அகலம்னு ஒரு டயர் போட்டா அதுக்கு நாலு கிராம் சிலிக்கான் தான் பிடிக்கும், ரெண்டு டயருக்கு எட்டு கிராம், அதாவது ஏ நாலு கிராம், பி நாலு கிராம். ஒரு கிராம் கணக்குல காட்டுற தராசுல அரை கிராம் தப்பு சாதாரணமா வரும், அது நாலுல பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல! நகைக்கடைல வைக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு ஆன்லைன்ல கிடைக்குது, அத வாங்கிருங்க. கலக்குறது மெதுவா, அடி, ஓரம் எல்லாம் வழிச்சு வழிச்சு கலக்கணும், முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சா முழுக்க காத்துக் குமிழி ஏறிரும். ஊத்துறப்போ கொஞ்சம் உயரத்துலேர்ந்து நூல் மாதிரி ஒழுக விடுங்க, குமிழி அந்த நூல்லயே உடைஞ்சிரும். வேக்கம் பம்ப் இருந்தா நல்லது, இல்லாமயும் நல்ல டயர் வரும். பாட்டில்ல எழுதியிருக்குற நேரத்தையும் அப்படியே நம்பாதீங்க, அது இருபத்தி சொச்சம் டிகிரிக்கு போட்டது, நம்ம ஊரு மே மாசத்துல மதியம் ஷெட்ல கலக்குனா அதுக்கு முன்னாடியே கெட்டிப்பட ஆரம்பிச்சிரும், விடிகாலைல ஊத்துங்க.

அடுத்தது ஒட்டுறது. சிலிக்கான் தனியா வளையமா வார்த்துட்டு அத ஃபெவிக்விக் போட்டு ஹப்ல ஒட்ட பார்ப்பாங்க. ஒட்டாது, சிலிக்கானுக்கு சுலபமா எதோடயும் ஒட்டாத குணம், அதனால தான அதுல அச்சே எடுக்குறோம். முதல் மேட்ச்ல ஹப் உள்ள சுத்தும், டயர் வெளிய சும்மா நிக்கும். பசை பத்தி யோசிக்கிறத விட்டுட்டு ஹப்போட வடிவத்துலயே பூட்டு வைங்க: மேல குறுக்க பள்ளம், சுத்தி ஓட்டை, ரெண்டு ஓரத்துலயும் சின்ன விளிம்பு. ஹப்ப மோல்டுக்குள்ள வச்சு அது மேலயே ஊத்துனா சிலிக்கான் அந்த ஓட்டைக்குள்ள எல்லாம் இறங்கி காயும், அப்புறம் கிழிச்சா தான் வரும். விளிம்பு மட்டும் டயர் மட்டத்த விட நல்லா கீழ இருக்கட்டும், எடை ஏறுனா டயர் அமுங்கும், விளிம்பு தரையில பட்டா அவ்வளவு தான்.

நான் ரொம்ப வலியுறுத்தி சொல்ல நினைக்கிறது வட்டம் சரியா இருக்குறத பத்தி, ஏன்னா இத யாருமே அளக்குறதில்ல. மோல்ட்ல ஹப் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்து உக்காந்திருச்சுனு வைங்க, கண்ணுக்கு தெரியாது. ஆனா அந்த சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் 0.6 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல ஏறி இறங்காது, அதனால ரோபோ உடம்பு இடது வலதுனு ஆடும், எதிராளிய அடியிலேர்ந்து தூக்க முன்னாடி தரைய ஒட்டி வைக்கிற பிளேடோட ஒரு மூலை தரைய விட்டு தூக்கும். நாலு சக்கர ரோபோனா மொத்த பிளேடே தூக்கும். கட்டர் பிளேடோட கனமே அரை மில்லிமீட்டர் தான், எதிராளிக்கு உள்ள நுழைய அந்த சந்து போதும். ஒரு தடவ அவன் பிளேடு உங்க அடியில போயிருச்சுனா உங்க டயர் எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல, உங்க எடையில ஒரு பங்கு அவன் சக்கரத்து மேல போயிரும், அவனுக்கு பிடிப்பு கூடும், உங்களுக்கு குறையும். இதுக்கு சுலபமான வழி, மோல்டோட நடுவுல 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டோட வழவழப்பான வால் பகுதிய நட்டுங்க, ஹப்ப மோட்டார் ஷாஃப்ட் (சுத்துற தண்டு) நுழையிற ஓட்டை வழியாவே அதுல சொருகி ஊத்துங்க. மோட்டார் எந்த ஓட்டைய பிடிக்குதோ அதே ஓட்டைய வச்சே வார்த்தா வட்டம் தானா சரியா வரும். ஆறுனதும் மோட்டார்ல மாட்டி மெதுவா சுத்த விட்டு, பக்கத்துல ஒரு ஊசிய டயர தொட்டும் தொடாமலும் பிடிச்சு பாருங்க, சந்து மாறாம இருக்கணும்.

லேத் பட்டறைல அலுமினிய ஹப் போடுறீங்கனா அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் மறக்காம சொல்லணும். ஒண்ணு, வெளி விட்டமும் நடு ஓட்டையும் ஜாப்ப (கடையிற துண்ட) கழட்டாம ஒரே செட்டிங்ல எடுத்து தாங்கண்ணேனு. ரெண்டு, ஓட்டைக்கு 3 எம்எம் டிரில் மட்டும் போட்டு விட்டுராதீங்க, கொஞ்சம் சின்ன டிரில் போட்டு ரீமர் (ஓட்டைய சரியான அளவுக்கு சீவுற கருவி) விடுங்கனு. டிரில் எப்பவும் கொஞ்சம் பெருசா தான் குடையும், அந்த ஆட்டம் சக்கரத்துல வந்து நிக்கும். மினி சுமோல போடுற என்20ங்குற குட்டி கியர் மோட்டாரோட ஷாஃப்ட் டி வடிவம், 3 மில்லிமீட்டர் விட்டம், தட்டைப் பக்கத்துல அளந்தா 2.5, கிரப் ஸ்க்ரூ (ஹப்ப ஷாஃப்ட்ல இறுக்குற தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) சரியா அந்த தட்டை மேல இறங்கணும். பிரிண்ட் பண்ண ஹப்ல வெறும் டி ஓட்டைய மட்டும் நம்புனா நாலு மோதல்ல ஓட்டை வட்டமாயிரும், எம்3 நட் ஒண்ணு சொருக இடம் விட்டு கிரப் ஸ்க்ரூ போடுங்க. இன்னொண்ணு, பிஎல்ஏ அறுபது டிகிரி கிட்ட இளகிரும், ஃபெஸ்டுக்கு போற வழியில பூட்டுன கார்ல வெயில்ல விட்டுட்டு போகாதீங்க.

எடை எங்க உக்காருதுனும் பாருங்க. பிளேடு பக்கம் தராசுல வச்சு, சக்கரம் அதே உயரத்துல வேற பலகைல இருக்குற மாதிரி நிறுத்துனா பிளேடு எவ்வளவு தாங்குதுனு காட்டும். 100 கிராம் பிளேடு மேல இருந்தா சக்கரத்துக்கு 400 தான், பிடிப்புல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. பேட்டரிய சக்கர அச்சு மேல தள்ளி வைங்க, ஆனா பிளேடு தரைய விடாம இருக்க கொஞ்சம் எடை அதுக்கும் வேணும், அத நீங்க தான் ஓட்டி பார்த்து முடிவு பண்ணணும்.

சோதனை மேஜைல தோத்து திரும்புறது தான் ரொம்ப வேதனை. சக்கரத்தோட சேர்த்து 100 மில்லிமீட்டர் முழுசா டிசைன் பண்ணியிருப்பாங்க, மெத்து டயர் எடைக்கு பக்கவாட்டுல பிதுங்கும், அளவு பார்க்க வச்சிருக்குற பெட்டிக்குள்ள இறங்காது. 98க்குள்ள நிறுத்துங்க. இன்னொரு விதி பெரும்பாலான போட்டியில இருக்கு, ரோபோவ ஏ4 பேப்பர் மேல வச்சு தூக்குனா பேப்பர் ரெண்டு செகண்டுக்கு மேல ஒட்டிக்கிட்டு வரக்கூடாது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 5 கிராம் தான், புதுசா துடைச்ச மெத்து சிலிக்கான் அத தூக்கிரும். பசை தடவுனா கண்டிப்பா மாட்டுவீங்க, தடவாமயே மாட்டுறதும் நடக்கும், அதனால துடைச்ச கையோட வீட்லயே தாள் வச்சு பார்த்துட்டு போங்க.

கடைசியா தூசி. சிலிக்கான் தூசிய காந்தம் மாதிரி இழுக்கும், ஆடிட்டோரியம் தரையில ரோபோவ ஒரு தடவ ஓட்டி காட்டுனா போதும், டயர் மேல மாவு தூவுன மாதிரி ஆயிரும், அதோட ரிங்ல ஏறுனா டயருக்கும் பலகைக்கும் நடுவுல தூசி உருளும். அதனால ரிங் தவிர எங்கயும் ஓட்டாதீங்க, மேஜைல வைக்கிறப்போ உடம்புக்கு அடியில ஒரு கட்டை கொடுத்து டயர் அந்தரத்துல நிக்கட்டும், ராத்திரி முழுக்க டயர் மேலயே நின்னா ஒரு பக்கம் தட்டையாவும் ஆகலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச நூல் உதிராத துணி, ஒரு ரோல் மாஸ்கிங் டேப், இது ரெண்டும் கைல இருக்கணும். மேட்ச் கூப்பிட்டதும் துணியால ஒரு சுத்து துடைங்க, முப்பது செகண்ட் காய விடுங்க, டேப்போட பசைப்பக்கத்த டயர் மேல ஒத்தி எடுங்க, அதுக்கப்புறம் டயர விரலால தொடாம உடம்ப பிடிச்சு தூக்கிட்டு போய் ரிங்ல வைங்க.