கேமரா மென்பொருள் வெளியே தொடர்பு கொள்கிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பதிவெல்லாம் நம் ஹார்டு டிஸ்கிலேயே சேர்கிறது என்று நம்பியிருப்போம். ரவுட்டரின் லாகை (இணைப்புப் பதிவேட்டை) பார்த்தால், கேமரா மென்பொருள் ஏதோ ஒரு வெளி முகவரியோடு தொடர்பில் இருக்கும். உடனே அந்த ஐபி யாருடையது என்று தேடி, அதை வைத்தே முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அமேசான் என்று வந்தால் நிம்மதி, தெரியாத நாடு என்று வந்தால் பீதி. அமேசானின் சர்வரை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம், அதனால் அந்தப் பெயர் எதையும் உறுதிப்படுத்தாது.

பார்க்க வேண்டியது எவ்வளவு தரவு, எப்போது வெளியே போகிறது என்பதைத்தான். யுடிபி 123 என்ற போர்ட் (இணைப்பு வாசல் எண்) என்றால் பெரும்பாலும் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. 443-ஆம் போர்ட்டில் எப்போதாவது சில கிலோபைட் போனால் அப்டேட் அல்லது லைசென்ஸ் சோதனையாக இருக்கலாம். ஆனால் கேமரா முன்னால் ஆள் நடமாடும்போதெல்லாம் மெகாபைட் கணக்கில் மேலே ஏறுகிறது என்றால், படம் போகிறது என்றே சந்தேகப்பட வேண்டும். என்கிரிப்ட் செய்திருந்தாலும் அளவையும் நேரத்தையும் மறைப்பது கடினம்.

இதை அளக்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. உங்கள் லேப்டாப்பில் வயர்ஷார்க்கை (தரவுப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டால் அந்த லேப்டாப்பின் போக்குவரத்துதான் தெரியும். கேமரா நேராக வெளியே அனுப்புவதை ஸ்விட்ச் உங்களுக்குக் காட்டாது. ரவுட்டரில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்விட்சில் போர்ட் மிரரிங் (கேமராவின் போக்குவரத்தை உங்கள் லேப்டாப்புக்கும் நகலெடுத்து அனுப்பும் அமைப்பு) வைக்க வேண்டும்.

"ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர போர்ட் எதையும் திறக்கவில்லை, பயமில்லை" என்பார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். பி2பி வசதி (போனிலிருந்து கேமராவை நேரடியாக அடையும் வசதி) உள்ள கேமரா தானாகவே வெளியே போய் ஒரு சர்வரோடு இணைப்பைத் தக்கவைத்துக்கொள்கிறது. போகும் தரவு சொற்பம், ஆனால் அந்த வழியாகத்தான் வெளியிலிருந்து உங்கள் கேமராவை அடைகிறார்கள். 2021-இல் த்ரூடெக் நிறுவனத்தின் கலாய் என்ற பி2பி தளத்தில் கடுமையான ஓட்டை வெளியானது. சாதனத்தின் அடையாள எண் கிடைத்தால், அந்தச் சாதனம் போலவே நடித்து, உரிமையாளரின் லாகின் விவரங்களைக் கைப்பற்ற வழியிருந்தது.

சரி, மெனுவில் கிளவுடை அணைத்துவிட்டால் போதுமா? போதாது. உள்ளூர்ச் சேமிப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்ட யூஃபி கேமராக்கள், அறிவிப்புக்கான சிறுபடங்களைக் கிளவுடுக்கு அனுப்பியது 2022-இல் அம்பலமானது. தடையை ரவுட்டரில் போடுங்கள்.

அதிலும் டொமைன் பெயரை மட்டும் தடுக்காதீர்கள். சில சாதனங்கள் ஐபி எண்ணையே நேரடியாக அழைக்கும். கேமராக்களைத் தனி விலானில் (மற்ற சாதனங்களிலிருந்து பிரித்த நெட்வொர்க்கில்) வைத்து, அங்கிருந்து இணையத்துக்குப் போகும் எல்லாவற்றையும் மூடுவதே மேல். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியையும் சேர்த்துத்தான். அப்புறம், நேர சர்வரும் அடைபட்டுவிடும். கடிகாரம் மெல்ல விலகி, தேவைப்படும் நாளில் பதிவின் நேரம் தப்பாக நிற்கும். ரவுட்டரிலிருந்தே நேரத்தைக் கொடுங்கள். வெளியிலிருந்து பார்க்க வயர்கார்ட் போன்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வர என்கிரிப்ட் செய்த பாதை) போதும்.

இன்னொன்று: சந்தேகம் வந்ததும் கேமராவை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீம்பொருள், சாதனத்தின் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. ரீஸ்டார்ட் செய்தால் அது தடயத்தோடு மறைந்துவிடும், பழைய பாஸ்வேர்டே இருந்தால் மறுபடி தொற்றிக்கொள்ளும். முதலில் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள், பிறகு இணைப்பைத் துண்டித்து, ரீசெட் செய்து, புது பாஸ்வேர்டு வைத்து, ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பியுங்கள்.