வகுப்பே சேர்ந்து ஒரு இருபதுமுகி

கன உருவத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு முகம், விளிம்பு, உச்சி எண்ணச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைப் பிள்ளைகள் ஊகித்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்க, எல்லாரும் சேர்ந்து செய்த ஒன்று வேண்டும். என் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது இருபதுமுகி. இருபது சமபக்க முக்கோணங்கள், ஆளுக்கொரு முகம்.

தடித்த சார்ட் அட்டையில் 20 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வேண்டும். பள்ளிக் காம்பஸ் அவ்வளவு விரியாது. அட்டைப் பட்டை ஒன்றில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளையிட்டு, ஒன்றில் குண்டூசியும் மற்றதில் பென்சிலும் வைத்துச் சுற்றுங்கள். இப்படி வெட்டிய முதல் வட்டம்தான் அச்சு. மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே வரைய வேண்டும். பக்கத்துப் பிள்ளை வெட்டியதை வைத்து வரைந்தால், பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு ஒவ்வொரு முறையும் வட்டம் பெருத்துக்கொண்டே போகும். மையத்தையும் அச்சின் வழியே ஊசியால் குத்திவிடுங்கள்.

வட்டத்தின் ஓரத்தை மடித்து மையத்தைத் தொடவையுங்கள். அந்த மடிப்பின் ஒரு முனையிலிருந்து அடுத்த மடிப்பு. அதுவும் மையத்தைத் தொட வேண்டும். மூன்றாவது, மீதி இரு முனைகளைச் சேர்த்துவிடும். கோணமானியே இல்லாமல் சமபக்க முக்கோணம் வந்துவிட்டது. பக்கம் ஆரத்தைப்போல் √3 மடங்கு, அதாவது ஏறக்குறைய 34.6 செ.மீ. தடித்த அட்டை கோணலாக மடங்கும். லேசாக மடித்து முனைகளைக் குறித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிழுத்த பிறகு முழுதாக மடியுங்கள். வண்ணம் தீட்டுவதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடியட்டும்.

இப்போது இருபதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அளவு தப்பியது உடனே துருத்திக்கொண்டு தெரியும். அதைச் செய்த பிள்ளையே இன்னொன்று செய்யட்டும். நேரமாகிறதே என்று ஆசிரியர் செய்து கொடுத்தால், அந்த ஒரு முகம் அந்தப் பிள்ளையுடையது இல்லாமல் போய்விடும்.

ஐந்து பேர் மேல் மூடி, ஐந்து பேர் கீழ் மூடி, பத்துப் பேர் நடுப்பட்டை. மடிப்பிதழ்கள், அதாவது முக்கோணத்தின் மூன்று பக்கமும் மடிந்த வட்டத் துண்டுகள், வெளிப்பக்கம் நிற்கட்டும். இதழோடு இதழ் சேர்த்து, மடிப்பை ஒட்டி ஸ்டேப்ளர் அடிக்கலாம். இதழை உள்ளே விட்டால் கடைசி இணைப்புகளுக்குக் கை நுழையாது.

மூடி செய்யும் குழுவின் அருகில் போய் நில்லுங்கள். ஐந்து முக்கோணங்களைத் தரையில் ஓர் உச்சியைச் சுற்றி வைத்தால் ஓர் இடைவெளி மிஞ்சும். ஆறாவதை வைக்க யாராவது கை நீட்டுவார்கள், வைக்கட்டும். ஆறு அறுபது 360, அட்டை தரையோடு தரையாகக் கிடக்கும். அதை எடுத்துவிட்டு இடைவெளியின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். நடு உச்சி தரையைவிட்டு எழும்பும். இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

நடுப்பட்டையில் முக்கோணங்கள் தலைகீழும் நேருமாக மாறி மாறி வரும். பத்தையும் இணைத்து வளையமாக்கினால் மேலும் கீழும் ஐங்கோண வாய் கிடைக்கும்; மூடிகள் அங்கே உட்காரும். உச்சிக்கு உச்சி சுமார் 66 செ.மீ. உயரம் வரும்.

பிறகு எண்ணச் சொல்லுங்கள். முகம் 20, உச்சி 12, விளிம்பு 30. ஆய்லர் சூத்திரப்படி 20 + 12 − 30 = 2. அதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் உச்சியிலும் 360க்கு 60 பாகை குறைகிறது. பன்னிரண்டு உச்சிக்கு 720. கனசதுரத்தில் எட்டு உச்சி, தலா 90; அதுவும் 720. நான்முகியில் நான்கு உச்சி, தலா 180. பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட் கண்டறிந்த இந்த உறவைப் பிள்ளைகள் தாங்களே கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். முந்திக்கொண்டு விடையைச் சொல்ல வேண்டாம்.

தொங்கவிடுவதானால், மேல் மூடியை இணைக்கும் முன்பே உச்சி வழியாக நூலைக் கோத்து, உள்ளே ஒரு பொத்தானில் முடிச்சிட்டுவிடுங்கள்.