பேனலுக்குள் டிரைவ்: சூட்டையும் நாய்ஸையும் அடக்கும் வழி

பனியன் துணி காம்பாக்டிங் மெஷின் ஒன்றில் இந்தச் சிக்கல் வந்தது. டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி) ஓடாமல் இருக்கும்போது டெம்பரேச்சர் கன்ட்ரோலர் 92 டிகிரியில் ஆடாமல் நிற்கும். ரன் கொடுத்ததும் 117, 88, 104 என்று தாறுமாறாக ஓடும். மதியத்துக்கு மேல் டிரைவே ஓவர் ஹீட் காட்டி டிரிப் ஆகிவிடும். முதலாவதுக்குக் காரணம் நாய்ஸ், அதாவது டிரைவ் கிளப்பும் மின் இடையூறு; இரண்டாவதுக்குச் சூடு. இரண்டையும் சரிசெய்த முறையைப் புதிதாக பேனல் (மின் கன்ட்ரோல் பெட்டி) கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒயரிங், பாராமீட்டர் அடிப்படையெல்லாம் மேனுவலில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

கை வைப்பதற்கு முன் ஒன்று. மெயினை ஆஃப் செய்தாலும் டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் சார்ஜோடுதான் இருக்கும். 415 வோல்ட் சப்ளை என்றால் டிரைவுக்குள் உள்ள டிசி லைனில் (டிசி பஸ்) கிட்டத்தட்ட 587 வோல்ட். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். அதன்பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டே தொடுங்கள். லைட் அணைந்ததை நம்ப வேண்டாம்.

முதலில் சூடு

டிரைவ் தன் பவரில் சுமார் 3 சதவீதத்தைச் சூடாக வெளியே விடும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த பேனலில் 11 கிலோவாட் ஒன்று, 7.5 ஒன்று. இரண்டும் சேர்ந்து 555 வாட், எஸ்எம்பிஎஸ் (டிசி பவர் சப்ளை), கான்டாக்டர் (மோட்டார் லைனை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) எல்லாம் சேர்த்தால் 600 வாட். பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட்தான் வெளியே தள்ளும். 2 சதுர மீட்டர் பரப்புள்ள மூடிய பெட்டி என்றால் உள்ளே வெளியைவிட 55 டிகிரி ஏறும். வெளியே 38 டிகிரி இருக்கும் ஷெட்டில் எந்த டிரைவும் இதைத் தாங்காது.

ஃபேன் அளவுக்கு இந்தக் கணக்கு போதும்: வாட்டை 3.1ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறலாம் என்று விடுகிறீர்களோ அதனால் வகுங்கள். 600 வாட், 10 டிகிரி என்றால் மணிக்கு 186 கன மீட்டர் காற்று. ஃபில்டர் போட்டால் காற்று குறையும், அதனால் 250க்கு மேல் உள்ள ஃபேனாக எடுங்கள்.

கீழே உள்ளிழுக்கும் ஃபேன், மேலே வெளியேறும் ஜன்னல், இதுதான் என் விருப்பம். மேலே எக்ஸாஸ்ட் மட்டும் வைத்தால் கதவு இடுக்கு, கேபிள் ஓட்டை எல்லாவற்றிலும் பஞ்சை உள்ளே இழுக்கும். கீழிருந்து ஃபில்டர் வழியாகத் தள்ளினால் இடுக்கு வழியே காற்று வெளியேதான் போகும். டிரைவுக்கு மேலும் கீழும் 100 மில்லிமீட்டராவது விடுங்கள். ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்றை ஏற்றாதீர்கள், கீழே உள்ளதன் சூடு முழுவதும் மேலே உள்ளதற்குள் போகும்.

அப்புறம் நாய்ஸ்

கேரியர் ஃப்ரீக்வன்ஸியை, அதாவது டிரைவ் உள்ளே ஸ்விட்ச் ஆகும் வேகத்தை, 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4க்கு இறக்குங்கள். மோட்டார் கொஞ்சம் ரீங்கரிக்கும், ஆனால் சூடும் நாய்ஸும் சேர்ந்தே குறையும். ஷெட் இரைச்சலில் அந்த ரீங்காரம் யாருக்கும் கேட்காது.

மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டக்ட்டில் போகக்கூடாது. 200 மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இனி சொல்வதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த பேனலில் மோட்டாருக்கு ஷீல்டு கேபிள்தான் (ஒயர்களைச் சுற்றி உலோக வலை உள்ளது) போட்டிருந்தது. ஷீல்டை முறுக்கி, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை ஒயர் சேர்த்து, லக் அடித்து எர்த் பாரில் மாட்டியிருந்தார்கள். மல்டிமீட்டரில் பூஜ்யம் ஓம். பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் டிரைவின் நாய்ஸ் 50 ஹெர்ட்ஸில் இல்லை, மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 10 செ.மீ. ஒயரே 10 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல் தடை தரும், ஒரு சாண் ஒயர் அதைவிட அதிகம். எனவே நாய்ஸ் அந்த வழியில் போகாமல், கன்ட்ரோலருக்குச் சூட்டைச் சொல்லும் தெர்மோகப்பிள் சென்சாரின் ஒயரைத் தேடிப் போகிறது. 92 டிகிரிக்குத் தெர்மோகப்பிள் தருவதோ சில மில்லிவோல்ட், அது ஆடாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இது. கேபிளின் மேல்தோலை ஓர் அங்குலம் சீவி, ஷீல்டைச் சுற்றிலும் கவ்வும் உலோக கிளாம்ப்பால் மவுண்டிங் பிளேட்டோடு இறுக்குங்கள். டிரைவுக்கு எவ்வளவு பக்கத்திலோ அவ்வளவு நல்லது. பிளேட் பெயின்ட் அடித்தது என்றால் அந்த இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். புது பேனல் என்றால் ஜிங்க் பூசிய பிளேட்டே கேளுங்கள், சுரண்டும் வேலையே இல்லை. மோட்டார் பக்கமும் இதேபோல் ஷீல்டைக் கவ்வும் உலோக கிளாண்டு (கேபிள் நுழையும் மூடி). கதவை எர்த் செய்யத் தட்டையான செம்புப் பின்னல் பட்டை, ஒயர் வேண்டாம். தெர்மோகப்பிள் ஷீல்டை மட்டும் பேனல் பக்கம் ஒரு முனையில் கட்டினால் போதும்.

கிளாம்ப் மாட்டி ரன் கொடுத்ததும் கன்ட்ரோலர் 92, 93க்குள் நின்றது. கான்டாக்டர் காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர் (ஆஃப் ஆகும்போது வரும் வோல்டேஜ் துள்ளலை அடக்குவது) அதற்குப் பிறகு போட்டதுதான்.

பின்சேர்க்கை: நாய்ஸ் ஃபில்டர் உள்ள டிரைவ் போட்டதிலிருந்து ஈஎல்சிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் பிரேக்கர்) விழுகிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஃபில்டருக்குள் உள்ள கெபாசிட்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கரன்ட் விடும், டிரைவ் எண்ணிக்கை கூடக்கூட அது சேரும். டிரைவ் லைனைத் தனியாகப் பிரித்து, டிரைவுக்கு ஏற்ற டைப் பி வகை ஈஎல்சிபியைப் போடுங்கள். ஈஎல்சிபி விழாமல் இருக்க வேண்டும் என்று எர்த் ஒயரைக் கழற்றி ஓட்டுவதாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து இன்றே திரும்ப மாட்டுங்கள், கசியும் கரன்ட் அந்த மெஷினைத் தொடுகிறவர் உடல் வழியாகப் போகும்.