டிரெய்லரை மட்டமாக நிறுத்துவது: முதலில் பக்கவாட்டு, பிறகுதான் முன்பின்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்ப்சைட்டில், அதாவது காரில் மாட்டி இழுத்துவந்த வீட்டு டிரெய்லரில் தங்கும் முகாமில், வண்டி நிறுத்தும் இடம் கண்ணுக்குச் சமதரையாகத் தெரியும். ஆனால் மழைநீர் வடிவதற்காகப் பல இடங்களில் லேசாகச் சாய்த்தே போட்டிருப்பார்கள். அந்தச் சாய்வோடு படுத்தால் தலைப்பக்கம் இறங்கும், குளிக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இதையெல்லாம் மனிதர்கள் பொறுத்துக்கொள்ளலாம், ஃப்ரிட்ஜ் பொறுக்காது.

கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஆர்.வி. (இப்படித் தங்கும் வண்டி) ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா கலந்த நீர் அடியில் கொதித்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து, திரவம் தன் எடையாலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் நடுவழியில் தேங்கும், கொதிக்கும் பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும். துரு பிடிக்காமலிருக்கக் கலந்த சோடியம் குரோமேட் அங்கே படிந்து குழாயை அடைத்துவிடும். அடைத்தது அடைத்ததுதான், குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். நார்கோல்ட் கம்பெனி ஃப்ரிட்ஜ்களுக்குச் சொல்லப்படும் வரம்பு, ஃப்ரிட்ஜை நேராகப் பார்த்து நின்றால் அதன் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. சாலையில் ஓடும்போது குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஆபத்தில்லை. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வேலையின் வரிசையை மாற்றவே கூடாது. காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன்பே பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்துவிடுங்கள். முன்பின் சாய்வுக்கு முன்புற ஜாக்கி இருக்கிறது. பக்கவாட்டுக்குச் சக்கரத்தின் அடியில் கட்டை வைத்து ஏற்றுவது தவிர வழியில்லை, அதற்குக் கார் இழுத்தாக வேண்டும்.

ரசமட்டத்தை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். போனில் உள்ள ரசமட்ட ஆப்பும் போதும், ஆனால் கவரைக் கழற்றிவிட்டு வையுங்கள். எத்தனை டிகிரி சாய்வு என்று தெரிந்தால் கட்டையின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 7 அடி இருந்தால், 1 டிகிரிக்கு ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டும். 2 டிகிரி என்றால் 3 அங்குலம். இந்தக் கணக்கில்லாமல் ஏற்றி இறக்கிப் பார்ப்பவர்கள் நாலைந்து முறை காரை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள்.

பிளாஸ்டிக் கட்டை ஒன்று சுமார் 1 அங்குல உயரம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கோபுரம் போல அடுக்கக் கூடாது, சக்கரம் ஏறும்போது சரிந்துவிடும். படி போல அடுக்க வேண்டும்: 2 அங்குலம் வேண்டுமானால் கீழே 2, மேலே 1; 3 அங்குலம் வேண்டுமானால் கீழே 3, நடுவில் 2, மேலே 1, ஆக ஒரு சக்கரத்துக்கு 6. இரட்டை அச்சு வண்டியில் தாழ்ந்த பக்கத்தின் இரண்டு சக்கரங்களையும் உயர்த்த வேண்டும் என்பதால், 10 கட்டை கொண்ட ஒரு பை அந்த உயரத்துக்குப் போதாது. டூ-பை-எய்ட் மரப்பலகையும் நன்றாக வேலை செய்யும். பெயர்தான் 2 அங்குலம், உண்மையில் ஒன்றரை. எதை வைத்தாலும் டயரின் அடி முழுதாக அதன்மேல் உட்கார வேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் உள்ளிருக்கும் கம்பி இழைகள் கெட்டுப்போகும். மண் இளகியிருந்தால் கட்டைக்கு அடியில் பிளைவுட் போடுங்கள்.

ஏற்றியாயிற்றா? இப்போது முட்டுக்கட்டை. தரையில் நிற்கும் பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் இறுக்கமாகப் போடுங்கள். இரு சக்கரங்களுக்கு நடுவே விரித்து இறுக்கும் எக்ஸ் வடிவத் தடுப்பு ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் முட்டுக்கட்டைக்கு மாற்றாகாது. காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சைக் கழற்றியதும் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது இவை மட்டுமே. எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகள் இருந்தால், ஹிட்ச் பூட்டியிருக்கும்போதே ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, கம்பிகள் தளர்ந்த பிறகு எடுங்கள். விறைப்பாக இருக்கும்போது நெம்பினால் துள்ளி வந்து காலிலோ கையிலோ அடிக்கும்.

பிறகு முன்பின் மட்டம். ஹிட்ச்சிலிருந்து சக்கரம் வரை 18 அடி என்றால் 1 டிகிரிக்கு ஏறக்குறைய 4 அங்குலம் ஜாக்கி நகர வேண்டும். ஆகவே முன்பக்கம் தாழ்ந்த இடத்தில் ஜாக்கிக்கு அடியில் மரக்கட்டை போட்டே தொடங்குங்கள். கார் கழன்றதும் ஜாக்கி நின்ற உயரத்தைக் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அதே உயரத்துக்கு நேராகக் கொண்டுவரலாம்.

நான்கு மூலையிலும் உள்ள ஸ்டெபிலைசர் கால்கள் கடைசியில்தான். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கு, வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. தரையைத் தொட்டு இறுகிய பிறகு அரைச்சுற்று போதும். மட்டம் வராத மூலையை இவற்றால் தூக்கினால் சட்டம் வளையும், வாசல் கதவு இறுகிப்போய் மூடாது. ஸ்லைடு-அவுட்டை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) வண்டி மட்டமான பிறகே திறக்க வேண்டும்.

கார் இழுக்காமல் தானே ஓடும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். ஹைட்ராலிக் ஜாக்கியால் பின்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கினால் அந்தப் பிடி போய்விடும், வண்டி ஜாக்கியிலிருந்து வழுக்கி உருளும். தரையை விட்டு எழலாம் என்றால் அது முன்சக்கரம் மட்டுமே. வாடகைக்கு எடுக்கும் சிறிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் ஜாக்கி இருக்காது, கட்டைதான். பின்னால் ஜோடி டயர் இருப்பதால் இரண்டின் அடியிலும் கட்டை வர வேண்டும். ஒன்றின் கீழ் மட்டும் வைத்தால் முழுப் பாரமும் அந்த ஒரு டயரில் இறங்கும்.

கிளம்பும்போது ஸ்லைடு-அவுட் உள்ளே, ஸ்டெபிலைசர் மேலே, பிறகு ஹிட்ச். அது பூட்டி, பூட்டு ஊசியும் போட்டு, சங்கிலியும் மாட்டிய பிறகே முட்டுக்கட்டையில் கை வையுங்கள். வண்டி கட்டைகளிலிருந்து மெதுவாக இறங்கியதும், காரை விட்டு வெளியே வந்து கட்டைகளை எண்ணிப் பையில் போடுங்கள்.