ஊற்றுப்பேனாவுக்குப் பொருத்தமான கன்வர்ட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய ஊற்றுப்பேனா வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் மை அடைத்த சிறு குழாய்களான கார்ட்ரிட்ஜ்கள் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும். அவை தீர்ந்த பிறகு புட்டியிலிருந்து மையை உறிஞ்சி எழுத விரும்புவோர், கார்ட்ரிட்ஜ் இருந்த இடத்தில் பொருத்துவதற்குக் கன்வர்ட்டர் எனப்படும் மை உறிஞ்சும் குழாய் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: கன்வர்ட்டரின் வாய், நிப் பகுதியின் பின்புறத்தில் உள்ள முளையை இறுகக் கவ்வ வேண்டும், கன்வர்ட்டரின் நீளம் பேனாவின் உடலுக்குள் அடங்க வேண்டும். பலரும் வாயை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து உடலைத் திருகும்போதுதான் நீளத்தைப் பற்றி நினைக்கிறார்கள்.

முதல் படி: கன்வர்ட்டர் தேவைதானா என்று பாருங்கள்

பேனாவின் உடலைத் திருகிக் கழற்றி, நிப் இருக்கும் பகுதியின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே குழிக்குள் சிறு குழாய் போன்ற முளை தெரிந்தால், அது கார்ட்ரிட்ஜோ கன்வர்ட்டரோ ஏற்கும் பேனா. ஹீரோ 616 போன்றவற்றில் அழுத்தி நிரப்பும் மைப்பை உள்ளேயே நிலையாக இருக்கும். ட்விஸ்பி ஈகோவில் பிஸ்டன் உடலோடு சேர்ந்தே வருகிறது. ஃபில்லரால் உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பழைய எபோனைட் (கடின ரப்பர்) பேனாக்களும் உண்டு. இவை எவற்றுக்கும் கன்வர்ட்டர் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உங்கள் பேனாவின் வகையைக் கண்டறியுங்கள்

உலகில் பரவலாக உள்ள அளவு, பன்னாட்டுப் பொது அளவு எனப்படும். பெலிகன், வாட்டர்மேன், ஃபேபர் காஸ்டெல், கவேக்கோ ஆகிய நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ் பேனாக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஜின்ஹாவோவின் எக்ஸ்450, எக்ஸ்750 ஆகியவற்றுக்கும் இதே அளவுதான். திருவள்ளூர் ரங்கா போன்ற கைவினைப் பேனாக்களை ஷ்மிட் அல்லது ஜோவோ நிப் அமைப்புடன் வாங்கினாலும் இதே வகைதான் பொருந்தும். இத்தகைய பேனாக்களுக்கு ஷ்மிட் கே5 என்ற கன்வர்ட்டர் நம்பகமான தேர்வு. 'யுனிவர்சல்' என்றும் 'எல்லாப் பேனாவுக்கும் பொருந்தும்' என்றும் சொல்லி விற்கப்படும் கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வகையைத்தான் குறிக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

பார்க்கர், லாமி, பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகியவை தத்தமக்கெனத் தனி அளவு வைத்திருக்கின்றன. இவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் கன்வர்ட்டரையே வாங்குவது நல்லது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. லாமி சஃபாரிக்கும் ஏ.எல்.ஸ்டாருக்கும் இசட் 28 என்ற கன்வர்ட்டர் பொருந்தும். அதற்கு முன் இருந்தது இசட் 24. லாமி ஸ்டுடியோவுக்கு உரியது இசட் 27. சஃபாரிக்குரிய கன்வர்ட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால், வாய்ப்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு சிறு புடைப்புகள் தெரியும். பேனாவின் கைப்பிடிப் பகுதியில் அவற்றுக்கென இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. புடைப்புகளை அவற்றுக்கு நேராக வைத்து அழுத்தினால்தான் கன்வர்ட்டர் முழுவதுமாக உட்காரும்.

பைலட் மெட்ரோபாலிட்டனை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அப்பெயரில் விற்பது பைலட்டின் சொந்த அளவை ஏற்கிறது, ஐரோப்பாவில் எம்.ஆர். என்ற பெயரில் விற்கும் அதே தோற்றமுள்ள பேனா பொது அளவை ஏற்கிறது. ஆகவே பேனாவின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: பெயர் தெரியாத பேனாவானால் முளையைச் சோதியுங்கள்

பழைய பேனாவோ பெயர் அழிந்த பேனாவோ கையில் இருந்தால், தீர்ந்துபோன பொது அளவுக் குட்டைக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கழுவி, முளையில் மெல்லச் செருகிப் பாருங்கள். இறுக்கமாக உட்கார்ந்து, இழுத்தால் மட்டுமே கழன்றால் அது பொது அளவு. ஆடினாலோ தானாக நழுவினாலோ முளை சிறியது என்று பொருள். செருகவே முடியாவிட்டால் முளை பெரியது. சீனப் பேனாக்களுக்கு 2.6 மி.மீ., 3.4 மி.மீ. என்ற இரண்டு வாய் அளவுகளில் கன்வர்ட்டர்கள் விற்கப்படுகின்றன. முன்னது பொது அளவோடு ஒத்துப்போகும், பின்னது போகாது. வெர்னியர் அளவி இருந்தால் முளையின் வெளிவிட்டத்தையே அளந்துகொள்ளலாம்.

சிறிய வாயுள்ள கன்வர்ட்டரைப் பெரிய முளையில் பலம் கொடுத்துத் திணிக்கக் கூடாது. பிளாஸ்டிக் வாய் ஒருமுறை விரிந்துவிட்டால், அதன்பின் அது தனக்குரிய பேனாவிலும் ஒழுகும்.

நான்காம் படி: நீளத்தை அளந்து பாருங்கள்

கவேக்கோ ஸ்போர்ட் பொது அளவு முளை கொண்டதுதான். ஆனால் சட்டைப்பைக்கென்றே குட்டையாகச் செய்யப்பட்ட பேனா என்பதால், வழக்கமான கன்வர்ட்டரைச் செருகிய பின் அதன் உடலைத் திருகி மூட முடியாது. பைலட்டிலும் இதே சிக்கல் உண்டு. சுமார் 1 மி.லி. மை கொள்ளும் கான்-70 கன்வர்ட்டர் ககுனோவில் பொருந்தும், மெட்ரோபாலிட்டனின் உடலுக்குள் அடங்காது. மெட்ரோபாலிட்டனுக்கு உரியது, ஏறத்தாழ 0.4 மி.லி. மட்டுமே கொள்ளும் கான்-40. அசைத்தால் உள்ளே சிறு குண்டுகள் உருளும் ஓசை கேட்கும். மை ஓரிடத்தில் ஒட்டி நிற்காமல் இறங்குவதற்காக வைக்கப்பட்டவை அவை, உடைசல் என்று எண்ண வேண்டாம்.

அளக்கும் முறை எளிது. பழைய ரீஃபில் ஒன்றைப் பேனாவின் உடலுக்குள் அடி தொடும் வரை நுழைத்து, வாயோரத்தில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். பிறகு, உடலின் விளிம்பு வந்து முட்டும் இடத்திலிருந்து, பொருத்தப்பட்ட கன்வர்ட்டரின் கடைசி நுனி வரை அளவெடுங்கள். இரண்டாவது அளவு முதலாவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தண்டை இழுத்து மை உறிஞ்சும் வகையானால், தண்டு வெளியே நீண்டிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும்; மை நிரம்பியிருக்கும்போது அது அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீர் வைத்துச் சோதியுங்கள்

கன்வர்ட்டரைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, மேலும் நகராத வரை அழுத்துங்கள். நிப் முழுவதும் மூழ்குமாறு தண்ணீரில் வைத்து, குமிழைத் திருகிப் பிஸ்டனை நிப் பக்கம் இறக்கி, மீண்டும் எதிர்ப்பக்கம் திருகி உறிஞ்சுங்கள். தண்ணீருக்குப் பதில் காற்றுக் குமிழிகளே தொடர்ந்து ஏறினால், நிப் போதிய அளவு மூழ்கவில்லை அல்லது வாய் சரியாகக் கவ்வவில்லை. பிறகு நிப்பைத் துடைத்து, உடலைப் பொருத்தாமல், நிப் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு டம்ளருக்குள் இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் வாயும் முளையும் சேரும் இடத்தைச் சுற்றி ஈரம் தெரிந்தால் அந்தக் கன்வர்ட்டர் உங்கள் பேனாவுக்கு உரியதன்று. கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தால், மையில் தோய்ப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதுவுமே பொருந்தாவிட்டால்

கவேக்கோ ஸ்போர்ட்டுக்கென்றே குட்டைக் கன்வர்ட்டர்கள் விற்கப்படுகின்றன. ஆனால் அவை கொள்ளும் மை குறைவு என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. தீர்ந்த கார்ட்ரிட்ஜைக் கழுவி, முனை மழுங்கிய ஊசி பொருத்திய 2 மி.லி. சிரிஞ்சால் மையை நிரப்பி மீண்டும் செருகுவதே மேல். ஊசியைக் கார்ட்ரிட்ஜின் அடிவரை இறக்கி மெல்ல அழுத்தி, விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டால், செருகும்போது மை பிதுங்கி விரலில் வழியாது. பல முறை கழற்றிச் செருகியதில் வாய் தளர்ந்துவிட்ட கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.