வலியோடு அலையாமல் மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு

முதுகுத்தண்டு தேய்மானம், முடக்குவாதம், ஆபரேஷனுக்குப் பிறகும் விடாத இடுப்பு வலி என்று வருடக்கணக்கில் அவதிப்படுபவர்களை அரசு அலுவலகத்தில் யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. கட்டுப்போடவில்லை, ஊன்றுகோல் இல்லை, நடந்துதான் வந்திருக்கிறார், அப்புறம் என்ன என்பதுதான் கவுன்டரில் இருப்பவரின் பார்வை. அவரோடு வாதாடிப் பயனில்லை. எந்த இடத்துக்கு நீங்கள் போக வேண்டும், எந்த இடத்துக்கு உங்கள் காகிதம் மட்டும் போனால் போதும் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் தீரும்.

மருத்துவ மதிப்பீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும். ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதற்கும் போக வேண்டும். வி.ஏ.ஓ. விசாரணைக்கு நீங்கள் வீட்டில் இருந்தால் போதும். விண்ணப்பம் பதிவது, மனு கொடுப்பது, ரசீது வாங்குவது, 'ஃபைல் எங்கே இருக்கு' என்று கேட்பது எல்லாவற்றையும் மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளில் 'எனக்கு நீண்ட நேரம் நிற்கவும் பயணிக்கவும் இயலாததால் என் சார்பில் இன்னார் வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, இருவரின் ஆதார் நகலையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தனுப்புங்கள்.

எந்த மாவட்டம் என்பதைச் சரி பாருங்கள்

2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி பக்கம் ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் ஆகியவை வேலூரிலேயே இருக்கின்றன. ஆனால் பலருடைய ஆதாரில் இன்னும் பழைய மாவட்டப் பெயரே இருக்கிறது. ஆம்பூர்க்காரர் ஆதாரைப் பார்த்து வேலூர் என்று பதிந்துவிட்டால், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வரை வந்து திருப்பத்தூருக்குத் திரும்ப வேண்டியதுதான். முகவரியை முதலில் திருத்திவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து மருத்துவ அதிகாரியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை. இதே பாதிப்புக்கு நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து தொடர்ந்து பார்த்துக்கொள்பவர், அந்த ஓ.பி. சீட்டைக் காட்டி அங்கேயே கேட்கலாம்.

வலிக்குச் சதவீதம் கிடையாது

இதைப் புரிந்துகொள்ளாமல் போய்த்தான் பெரும்பாலானவர்கள் மனம் வெறுத்துத் திரும்புகிறார்கள். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைப் பாதிப்புகள் இருக்கின்றன. நாள்பட்ட வலி என்று தனி வகை அதில் இல்லை. உங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவர் அளப்பதெல்லாம் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது, நடை எப்படி, கை பிடிக்கும் வேலையைச் செய்கிறதா என்பதுதான். 'பத்துக்கு ஒன்பது வலி டாக்டர்' என்பதை வைத்து அவரால் ஒரு எண்ணும் எழுத முடியாது.

முதுகுத்தண்டுக்கு மத்திய அரசின் 2018 மதிப்பீட்டு நெறிமுறையில் இருந்த கணக்கைப் பாருங்கள் (2024-இல் புதிய நெறிமுறை வந்திருக்கிறது, அதனால் எண்ணை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்). வலி இருக்கிறது என்று நோயாளி சொல்கிறார், ஆனால் படத்திலோ பரிசோதனையிலோ அதற்கு ஆதாரம் இல்லை என்றால் 0. வலியோடு தசை இறுக்கமும் விறைப்பும் இருந்து, எக்ஸ்ரேயில் லேசான மாற்றம் தெரிந்தால் 20 சதவீதம். மாற்றம் கூடக் கூட எண்ணும் ஏறும். முதுகுத்தண்டு முழுவதும் கடுமையாகப் பாதித்திருந்தால்தான் 40. உதவித்தொகை உட்படப் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தான் வாசல்.

அதனால் எங்கெங்கே பாதிப்பு உண்டோ அத்தனையையும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பீடி சுற்றிச் சுற்றிக் கழுத்தும் விரல்களும் போனவர் கழுத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். முதுகுக்கு 30, முழங்காலுக்கு 20 என்று வந்தால் மொத்தம் 50 ஆகாது. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள்: 60 × 20 ÷ 90 = 13.3, அதோடு 30 சேர்த்தால் 43.3. முழங்காலைச் சொல்லாமல் விட்டிருந்தால் 30-லேயே நின்றிருக்கும். வருடக்கணக்கான வலியால் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டையும் மறைக்க வேண்டாம். மனநல மருத்துவர் அதைத் தனியாக மதிப்பிடுவார், அதுவும் கணக்கில் சேரும்.

ஃபைப்ரோமையால்ஜியா (உடம்பெங்கும் தசை வலி) மாதிரி படத்தில் எதுவும் தெரியாத நோய் மட்டும் இருந்தால் இந்தச் சான்று கிடைப்பது மிகக் கடினம். கேட்கக் கசப்பாக இருந்தாலும் பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும்போது அடிபட்டு வந்த வலி என்றால் இ.எஸ்.ஐ. வழி வேறு, அங்கே தனி மருத்துவக் குழு இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

ஃபைல்

மேலே இருக்க வேண்டியது சிகிச்சை தரும் மருத்துவரின் ஒரு பக்கக் கடிதம். நோயின் பெயர், எந்த வருடத்திலிருந்து, என்னென்ன சிகிச்சை நடந்தது, இப்போது எந்த அசைவு குறைந்திருக்கிறது, இனி மேம்பட வாய்ப்பு உண்டா இல்லையா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கடைசி வரி முக்கியம். பாதிப்பு நிலைத்துவிட்டதா என்று தெரியாவிட்டால் 'சிகிச்சை முடிச்சிட்டு வாங்க' என்றோ, காலக்கெடு உள்ள தற்காலிகச் சான்றோடோ அனுப்பிவிடுவார்கள். சி.எம்.சி.யில் பார்ப்பவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வைத்தால் போதும். தனியார் மருத்துவமனை எழுதித் தரும் சதவீதம் மட்டும் செல்லாது. சதவீதம் போடுவது அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியின் வேலை.

அதற்குக் கீழே சமீபத்திய எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், ஃபிலிமோடு. பிறகு மருந்துச் சீட்டுகள், பழையது அடியில், புதியது மேலே. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார் என்றால் அவர் எழுதும் அட்டையையும் வையுங்கள்; அது அரசுக் காகிதம், தேதியும் இருக்கும்.

இன்னொரு தாள் நீங்களே எழுத வேண்டியது. எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை நிமிடம் தரையில் உட்கார முடிகிறது, எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது, குடத்தைத் தூக்க முடிகிறதா, இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா. பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் ஃபைல் நிற்கும். உருதுப் பெயர்களுக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஒரே வீட்டில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல் சாதாரணம். ஆதாரில் எப்படியோ அப்படியே மற்றதையெல்லாம் மாற்றுங்கள். இதற்கு ஆகும் சில வாரங்களை வீண் என்று நினைக்காதீர்கள்.

பதிவு

விண்ணப்பம் இப்போது மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான பதிவோடு சேர்ந்தே நடக்கிறது. ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ, கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்: மொபைல் எண் கட்டத்தில் உங்கள் எண் இருக்கிறதா என்று. அவசரத்தில் மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். அப்புறம் மதிப்பீட்டுத் தேதி, 'ஆவணம் தெளிவாக இல்லை' என்ற செய்தி எல்லாம் அவருக்கே போகும். பதிவு எண் உள்ள தாளைப் பிரின்ட் எடுத்து போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

2024 அக்டோபரில் விதி மாறியது. சான்று தர முன்பு ஒரு மாதம் என்றிருந்த கெடு இப்போது மூன்று மாதம். அட்டையின் நிறமும் உண்டு: 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-லிருந்து நீலம். வெள்ளை அட்டை வந்துவிட்டது என்று உதவித்தொகைக்கு ஓட வேண்டாம்.

மதிப்பீட்டு நாள்

இந்த மதிப்பீடு பெரும்பாலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் நடக்கும். டாக்டர் லீவு, முகாம் டூட்டி என்று நாள் தள்ளிப்போவதும் சகஜம். முந்தின நாள் மாலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்ட பிறகு கிளம்புங்கள். ஏப்ரல், மே வெயிலில் தேதி கிடைத்தால் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. வேலூர் வெயிலில் மதியம் ஒரு மணிக்குத் திரும்பினால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான்.

அடுக்கம்பாறை வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் கடைசி வரிசையும் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டும் வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் இறங்கும். நடுப்பகுதியில் உட்காருங்கள். மடக்கு ஸ்டூல், தண்ணீர், மருந்து, ஒரு துண்டு, கூட ஒரு ஆள் அவசியம். வரிசையில் அந்த ஆள் நிற்கட்டும், நீங்கள் உட்காருங்கள். 'நிக்க முடியல சார், பேர் கூப்பிட்டா எழுந்து வரேன்' என்று உள்ளே இருக்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வலி மாத்திரையை அன்றைக்கு என்ன செய்வது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வழக்கமாகச் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம், கூடுதலாகவும் போட வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். 'இது இல்லாவிட்டால் இவ்வளவுகூடக் குனிய முடியாது' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்குவார். எந்த உயரத்தில் வலி காலுக்குள் இறங்குகிறதோ அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கத் தூக்கிக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் பெரியவர் முன்னால் வலியைக் காட்டக் கூடாது என்ற பழக்கம் இந்த இடத்தில் சதவீதத்தைக் குறைத்துவிடும். அதே சமயம் நடிப்பும் வேண்டாம். உட்கார்ந்தபடி ஷூ கழற்றியதைப் பார்த்துவிட்டு, படுத்ததும் பத்து டிகிரிகூட வரவில்லை என்றால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சதவீதம் குறைவு என்று பட்டால் சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம். சண்டை போட்டு அந்த மேசையிலேயே எண்ணை மாற்ற முடியாது.

உதவித்தொகை

மாநில அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. இது வருவாய்த் துறை வேலை. இ-சேவையில் பதிந்ததும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். 75 சதவீதமோ அதற்கு மேலோ கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும்.

இங்கே ஃபைல் படுத்துக்கொள்ளும் இடம் வி.ஏ.ஓ. மேசை. அவர் வந்த நேரத்தில் நீங்கள் பிசியோதெரபிக்குப் போயிருந்தால் 'மனுதாரர் நேரில் இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதிந்த இரண்டு நாளில் வீட்டு ஆள் ஒருவர் நேரில் பார்த்து, 'அம்மாவால வர முடியாதுங்க, நீங்க வரும்போது இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க' என்று சொல்லி நகலைக் கொடுத்துவிடட்டும். பேங்க் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா, பல மாதமாக எடுக்காமல் செயலற்றுக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்ற புகாரில் பாதி இதனால்தான்.

ஃபைல் நகரவில்லை என்றால் முதலில் முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு; ஆள் அனுப்பினால் போதும், பதிவு எண் உள்ள ரசீதோடுதான் திரும்ப வேண்டும். மற்ற வேலைகளுக்குத் திங்கட்கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் தாங்காது. அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், ஸ்பீடு போஸ்ட்டில். 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இந்த எண் உள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, இப்போது யாரிடம் உள்ளது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தேவை' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல சமயம் பதில் வருவதற்கு முன்பே ஃபைல் நகர்ந்துவிடும்.

தற்காலிகச் சான்று என்றால் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் பதியுங்கள். சான்று காலாவதியானால் மாதத் தொகை நின்றுவிடலாம்; நின்றதைத் திரும்ப வாங்குவது புதிதாக வாங்குவதைவிடக் கஷ்டம்.